புது வார்டும் பழைய நர்ஸும்

வியாசர்பாடி கால்பந்துக்குப் பெயர் போன இடம். அங்கே தெருவில் பந்து உதைக்கும் சிறுவனுக்குக்கூட ஒரு விஷயம் தெரியும். கோல் காப்பதில் புலியாக இருப்பவனைத் திடீரென்று முன் வரிசையில் கொண்டு நிறுத்தினால், முதல் நாள் அவன் திணறத்தான் செய்வான். ஆட்டம் ஒன்றுதான், ஆனால் இடம் வேறு, பார்வை வேறு. சிறுவர்களுக்குத் தெரிந்த இந்த நியாயம், ஆஸ்பத்திரி நிர்வாகங்களுக்கு மட்டும் பல சமயம் மறந்து போகிறது. "நர்ஸ்தானே, எந்த வார்டில் போட்டால் என்ன?" என்கிறார்கள்.

எந்த வார்டில் போட்டாலும் ஒன்றுதானா? வடசென்னை மக்களுக்கு நன்கு பழக்கமான ஸ்டான்லி ஆஸ்பத்திரியையே எடுத்துக் கொள்வோம். 1782-ஆம் ஆண்டுப் பஞ்சத்தில் ஏழைகளுக்குக் கஞ்சி வார்த்த மணியக்காரர் சத்திரத்திலிருந்து வளர்ந்ததால், 'கஞ்சித் தொட்டி ஆஸ்பத்திரி' என்றே பெரியவர்கள் அதைச் சொல்லுவார்கள். ஆலைகளும் பட்டறைகளும் துறைமுகமும் சூழ்ந்த வட்டாரம் அல்லவா? இயந்திரத்தில் கை சிக்கி வருகிறவர்களுக்குக் குறைவில்லை. அவர்களுக்கென்றே 1971-ல் டாக்டர் ஆர். வெங்கடசாமி அங்கே கைச் சிகிச்சைக்குத் தனிப் பிரிவு தொடங்கினார். நாளடைவில் அது நாடறிந்த நிலையமாக வளர்ந்தது.

துண்டான விரலைத் திரும்பப் பொருத்தும்போது, ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டரே இருக்கும் ரத்தக் குழாய்களை, தலைமயிரைவிட மெல்லிய இழையால், மைக்ராஸ்கோப்பில் பார்த்துத் தைக்கிறார்கள். பல மணி நேர வேலை. அது முடிந்ததும் டாக்டர் கை கழுவப் போய்விடுவார். அப்போதுதான் நர்ஸின் வேலை ஆரம்பமாகிறது. முதல் இரண்டு மூன்று நாள் மணிக்கு மணி அந்த விரலைப் பார்க்க வேண்டும். வெளுத்துச் சில்லிட்டுப் போனால், ரத்தம் உள்ளே வரவில்லை என்று அர்த்தம். நீலம் பாரித்து உப்பினால், வந்த ரத்தம் வெளியேற வழியில்லை என்று அர்த்தம். நுனியை அழுத்தி விட்டால் இரண்டு விநாடிக்குள் சிவப்பு திரும்ப வேண்டும். அறை குளிரக் கூடாது. நோயாளி ஆசைக்கு ஒரு பீடி பிடித்தாலும் குழாய் சுருங்கிவிடும். அதையும் தடுக்க வேண்டும். மாற்றம் கண்டவுடன் டாக்டரைக் கூப்பிட்டால் விரல் பிழைக்கலாம். விடியட்டும் என்று விட்டால் போச்சு!

பிரசவ வார்டில் பத்து வருஷம் பழகிய ஒரு நர்ஸ் அம்மாள், இப்படியொரு வார்டுக்கு மாற்றலாகி வருகிறார் என்று வைத்துக் கொள்வோம். சிசுவின் நாடித் துடிப்பைக் கேட்டே ஆபத்தை அறிந்தவர் அவர். தாயின் முனகலே அவருக்குப் பாதி சேதி சொல்லிவிடும். இங்கோ, விரல் முனகாது. அதன் நிறந்தான் பேசும். அந்தப் பாஷை ஒரே நாளில் வந்துவிடுமா? பத்து வருஷத்துக்குப் பிறகு மறுபடியும் கற்றுக்குட்டியானோமே என்ற கூச்சம் வேறு. கேட்டால் சிரிப்பார்களோ என்று கேளாமல் இருப்பார். அந்த மௌனந்தான் ஆபத்து.

இது அவர் குற்றமல்ல. அமெரிக்க நர்ஸிங் பேராசிரியை பாட்ரிசியா பென்னர், 1984-ல் வெளியிட்ட நூலில், கற்றுக்குட்டி முதல் நிபுணர் வரை ஐந்து படிகளை வகுத்தார். எவ்வளவு அனுபவசாலியானாலும், பழக்கமில்லாத நோயாளிகளிடம் போகும்போது முதற் படிக்கே இறங்க நேரிடும் என்பது அவர் முடிவு. ஆனால் கையோடு கொண்டு வருவதும் உண்டு: சுத்தம், பொறுமை, நோயாளியின் முகம் பார்த்துப் பேசும் பழக்கம். இந்த முதலை வைத்துக்கொண்டு ஏறுகிறவர் சீக்கிரமே ஏறிவிடுவார். ஏறுவதற்குக் கால அவகாசம் தரவேண்டும், அவ்வளவுதான்.

"ஆளே பற்றவில்லை, அவகாசத்துக்கு எங்கே போவது?" என்று நிர்வாகம் கேட்கும். கேள்வி நியாயமே. போதனா ஆஸ்பத்திரிப் பொது வார்டில் மூன்று நோயாளிக்கு ஒரு நர்ஸ், தீவிர சிகிச்சையில் ஒருவருக்கு ஒருவர், விடுப்புக்கென்று நூற்றுக்கு முப்பது பேர் அதிகம் என்பது இந்திய நர்ஸிங் கவுன்சில் வகுத்த கணக்கு. அதை எட்டாத இடத்தில் எல்லாமே சிரமந்தான். ஆனால் அவசரத்தில் மிச்சம் பிடித்த இரண்டு வாரம், ஒரு தொழிலாளியின் விரலாகச் செலவாகிவிட்டால் அது என்ன சிக்கனம்?

2020-ல் கொரோனா வந்தபோது ராயபுரம் மண்டலம் சென்னையிலேயே மிகவும் அடிபட்ட இடங்களில் ஒன்று. வென்டிலேட்டரைத் தொட்டறியாத நர்ஸுகள் பலர், தமிழ்நாடு முழுவதும், உலகம் முழுவதுமே, ஒரே வாரத்தில் தீவிர சிகிச்சைக்குத் தள்ளப்பட்டார்கள். கவச உடைக்குள் வியர்த்தபடி, பக்கத்திலிருந்த மூத்தவரைக் கேட்டுக் கேட்டே கற்றார்கள். அப்போது தற்காலிகமாக எடுக்கப்பட்டவர்களில் 2,000 பேருக்கு மேல், 2022 டிசம்பர் 31-ஆம் தேதியோடு ஒப்பந்தம் முடிந்தது. மாற்று வேலை தருவதாக அரசாங்கம் சொன்னது. வேலை கிடைக்கலாம், ஆனால் உயிரைப் பணயம் வைத்துக் கற்ற வித்தை? அதைப் பிரயோகிக்க இடமில்லாவிட்டால், கிணறு வெட்டி, தண்ணீர் கண்டதும் மூடிய கதைதான்.

செய்ய வேண்டியது மலையைப் புரட்டும் காரியமல்ல. புதிதாக ஒரு பிரிவுக்கு வருகிறவரை முதல் சில வாரம் தலைக்கணக்கில் சேர்க்காமல், அனுபவசாலி ஒருவரோடு சேர்ந்தே பணியில் போடட்டும். அதுவரை ராத்திரி டூட்டியில் தனியே விட வேண்டாம். எந்த அறிகுறிக்கு யாரைக் கூப்பிடுவது என்பதைத் தெளிந்த தமிழில் எழுதிச் சுவரில் மாட்டட்டும். கற்றுத் தேர்ந்தவரைக் காரணமின்றி அடுத்த வருஷமே வேறிடத்துக்குப் பந்தாடாதிருக்கட்டும். வந்தவரும் சட்டைப்பையில் ஒரு சிறு நோட்டு வைத்துக்கொண்டு, தெரியாததைத் தெரியாது என்று சொல்லத் துணியட்டும். வார்டு சிஸ்டர் அந்தக் கேள்வியைக் கேலி செய்யாதிருந்தால் போதும். பாதிக் காரியம் முடிந்தது.

வியாசர்பாடிப் பட்டறைத் தொழிலாளிக்கு விரல் என்பது வெறும் விரலல்ல. வீட்டு வாடகை, அரிசி, பிள்ளையின் பள்ளிக்கூடம் எல்லாம் அதில்தான் இருக்கிறது. அதைத் தைத்துத் தருகிறவர் டாக்டர். ராத்திரி மூன்று மணிக்கு அது நீலம் பாரிப்பதைக் கண்டு பிடிக்க வேண்டியவர் நர்ஸ். அந்த நீலம் எப்படி இருக்கும் என்று அவருக்கு முன்கூட்டியே ஒருவர் காட்டியிருக்க வேண்டாமா?