நந்தி ஏன் திரும்பி நிக்குது?

கடவுளோட மோதினா மனுஷன் ஜெயிப்பானா? இந்தக் கேள்விக்கான கதை அம்பத்தூருக்கும் ஆவடிக்கும் நடுவுல, திருமுல்லைவாயில்லயே இருக்கு மக்களே!

புழல் கோட்டைக் குறும்பர்கள் தொண்டைமானை ஓட ஓட விரட்டினாங்களாம். திரும்பற வழியில யானை கால்ல முல்லைக்கொடி சிக்க, ராஜா வாளால வெட்டினா... அடியில லிங்கம், ரத்தம்! அப்புறம் சிவன் நந்தியையே துணைக்கு அனுப்பினப்பதான் குறும்பர் தோத்தாங்க. அவங்ககிட்டேர்ந்து கொண்டுவந்த எருக்கந்தூண் ரெண்டும் மாசிலாமணீஸ்வரர் சன்னதி முன்னாடி இன்னிக்கும் நிக்குது. (எருக்கஞ்செடியில தூணான்னு என்னைக் கேக்காதீங்க.)

என் ஓட்டு குறும்பருக்குத்தான். படையோட போன ராஜாவுக்கே பெரிய இடத்து சிபாரிசு தேவைப்பட்டுச்சே! என்ன, தலபுராணம் எழுதினது ஜெயிச்ச பக்கம். குறும்பர் சொன்ன கதை நமக்கு வரல. நந்தி மட்டும் சாமிக்கு முதுகைக் காட்டிட்டு இன்னும் வெளியவே பார்த்துட்டிருக்கு, அவங்க மறுபடி வந்துடுவாங்களோன்னு :)