ஸ்கவுட்டா, பிராங்கோவா?

கரடுமுரடுப் பாதைகளுக்கான பழைய அமெரிக்க வண்டிகளைச் சேகரிப்போரிடையே ஓயாத வழக்கொன்று உண்டு: இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டரின் ஸ்கவுட்டா, ஃபோர்டின் பிராங்கோவா? சந்தையின் தீர்ப்பு பிராங்கோவுக்கே சாதகம். இரண்டில் எதையும் வாங்கும் வசதியற்ற, ஆனால் தொழில்நுட்ப வரலாறு பயிலும் எனக்கு, அத்தீர்ப்பில் உடன்பாடில்லை.

இரண்டும் ஜீப்புக்குப் போட்டியாகப் பிறந்தவை. டிராக்டரும் அறுவடை எந்திரமும் செய்துவந்த ஹார்வெஸ்டர், 1961-இல் ஸ்கவுட்டைக் கொணர்ந்தது. அதன் நான்கு சிலிண்டர் எஞ்சின், அந்நிறுவனத்தின் 304 கன அங்குல வி-8 எஞ்சினைச் சரிபாதியாக்கிப் பெற்றது: 152 கன அங்குலம். இருப்பதைக் கொண்டு வேலையை முடிக்கும் பண்ணைப் பட்டறையின் சிக்கனம் அதில் தெரிகிறது.

பிராங்கோ 1966-ஆம் ஆண்டு மாடலாக வந்தது. முன்புறம் காயில் ஸ்பிரிங் இருந்ததால், நாற்புறமும் லீஃப் ஸ்பிரிங் கொண்ட ஸ்கவுட்டைவிட அதன் ஓட்டம் மென்மையானது. 1969-இல் பாஹா 1000 பந்தயத்தில் ஒட்டுமொத்த வெற்றியும் பெற்றது. அதன் புகழ் பொய்யன்று.

ஆயினும் அப்புகழே அதற்குப் பகையாயிற்று. பெரிய டயர் பொருத்துவதற்காகப் பின்சக்கர வளைவுகளை உரிமையாளர்கள் பலர் வெட்டி எறிந்தனர். இன்று வெட்டுப்படாத பிராங்கோவைத் தேடிச் சேகரிப்பாளர்கள் அலைகின்றனர். முழு உடற்கூடே புதிதாகச் செய்து விற்கப்படுகிறது. பழைய பெயர்ப்பலகையைத் தவிர யாவும் புதிதாக ஒரு 'பழைய' பிராங்கோவை உருவாக்கிவிட இயலும். அதை வாங்குபவர் பெறுவது ஒரு தோற்றத்தை மட்டுமே.

ஸ்கவுட் 5 லட்சத்துக்கு மேல் உற்பத்தியானது. முதல் தலைமுறை பிராங்கோ ஏறத்தாழ 2.25 லட்சம். ஆனால் துரு ஸ்கவுட்டுகளைத் தின்றது. 1980-இல் உற்பத்தி நின்றது. 1985-இல் வேளாண் பிரிவும் கைமாறியது. ஃபோர்டு தன் பழம்பெருமையைத் தானே காத்துக்கொள்ளும். ஸ்கவுட்டின் தாய் நிறுவனமோ அப்பெயரில் இன்றில்லை. அதன் ஆவணங்கள் விஸ்கான்சின் வரலாற்றுச் சங்கத்தில் உள்ளன. எனினும் எந்தத் தாளிலும் எழுதப்படாத செய்தி, பண்ணையில் தேய்ந்த மிதிகட்டையிலும் உழவர் தம் கையால் வைத்த பற்றவைப்பிலும் இருக்கிறது.

இப்போது ஸ்கவுட்டின் விலையும் ஏறுகிறது. புதிய எஞ்சினும் பளபளக்கும் பெயின்டும் அதையும் நெருங்குகின்றன. ஆகவே சேகரிப்போர்க்கு என் வேண்டுகோள் இது: ஸ்கவுட்டை வாங்குங்கள். துருவை நிறுத்துங்கள், தேய்மானத்தை விட்டுவையுங்கள். பிராங்கோதான் வேண்டுமெனில் வெட்டுப்படாததை வாங்கி, வெட்டாமலே அடுத்தவரிடம் கொடுங்கள்.