ஆண்பனையும் மலடிப் பட்டமும்

பூவைப் பற்றி எழுதுவதற்கும் நாணம் வேண்டும் என்று கருதுவோர் நம்மிடையே இன்னும் உளர். மாலையில் தொடுத்த பூவுக்கு நாணமில்லை. கூந்தலிற் சூடிய பூவுக்கு நாணமில்லை. அம்மன் அடியிற் குவித்த பூவுக்கும் நாணமில்லை. அப்பூவின் நடுவே நிற்பது செடியின் பிறப்புறுப்பு என்று ஒருவன் சொன்ன மாத்திரத்தில் நாணம் ஓடி வந்து விடுகின்றது. “பிள்ளைகள் கையிற்படும் ஏட்டில் இதெல்லாம் எதற்கு?” என்கின்றனர் பெரியோர். எதற்கென்பதைச் சொல்லவே இதனை எழுதுகின்றோம்.

ஒரு செம்பருத்தியைக் கிள்ளிப் பாருங்கள். நடுவில் நீண்ட குழலொன்று. அதன்மேல் மஞ்சட்பொடி தாங்கிய சிறு முனைகள் பல. இவை ஆணுறுப்பாகிய கேசரங்கள், பொடியே மகரந்தம். குழலின் நுனியில் ஐந்தாகப் பிரிந்து நிற்பது பெண்ணுறுப்பின் சூல்முடி. அடியில் மறைந்திருப்பது சூலகம். மகரந்தம் சூல்முடியில் விழுந்தால் அதனின்று நுண்ணிய குழாய் ஒன்று முளைத்து உள்ளிறங்கிச் சூலைச் சேர்கின்றது. சூல் விதையாகின்றது, சூலகம் காயாகின்றது. (நம் வீட்டுச் செம்பருத்தி காய்ப்பது அரிது. ஆயினும் உறுப்புகளைக் கண்ணாற் காண்பதற்கு அதனினும் நல்ல பூ இல்லை.) இரண்டு உறுப்பும் ஒரே பூவில் அமைந்த செடிகளே மிகுதி. பூசணியில் பூ வேறு, கொடி ஒன்று. பனையிலும் சாதிக்காயிலும் மரமே வேறு வேறு.

சாதிக்காய்க்கு நாம் வெகு தூரம் செல்ல வேண்டுவதில்லை. கிழக்கிந்தியக் கம்பெனியார் 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் மொலுக்காத் தீவுகளிலிருந்து அதனைப் பினாங்கிற்குக் கொணர்ந்தனர். பாலிக் புலாவ் பக்கத்தில் இன்றும் காய்க்கின்றது. விதையை ஊன்றியவன் ஐந்தாறு ஆண்டுகளேனும் காத்திருந்து, பூத்த பின்னரே அது ஆணா பெண்ணா என்றறிவான். ஆண்மரம் காய்க்காது. அதற்காக அதனை அடியோடு ஒழித்தும் விடமாட்டான். பெண்மரம் பத்துக்கு ஆண்மரம் ஒன்று என்ற அளவில் விட்டு வைப்பான். காய் பிடிக்கவில்லையெனில், பக்கத்தில் ஆண்மரம் உண்டா, அது பூத்ததா என்று பார்ப்பானேயன்றிப் பெண்மரத்தை மட்டும் ஏசிக் கோடரி எடுக்கமாட்டான்.

நிற்க. நம் முன்னோர் இதை அறியாதவரோ? நன்கு அறிந்திருந்தனர். பெரிய புராணத்தில் திருவோத்தூர்க் கதை உண்டு. அடியார் ஒருவர் வைத்த பனைகளெல்லாம் ஆண்பனைகளாய்ப் போயின, சமணர் நகைத்தனர், சம்பந்தர் பதிகம் பாடினார், பனைகள் குலை தள்ளின என்பது கதை. பாட்டினாற் பனை பால் மாறுமா என்ற வாதத்தை இன்று விட்டு விடுவோம். அக்கதையில் நமக்கு வேண்டிய உண்மை வேறு. காய்க்காத பனை ஆண்பனை என்பது அவ்வூரில் யாவருக்கும் தெரிந்திருந்தது! குறை ஆணிடத்தும் இருக்கலாம் என்று மரத்தின் விஷயத்தில் இவ்வளவு தெளிவாகக் கண்ட சமூகம், காய்க்காத குடும்பத்தின் விஷயத்தில் மட்டும் பெண்ணையே பார்த்தது. “மலடி” என்ற சொல் நம் வீதிகளில் நாள்தோறும் வழங்குகின்றது. “மலடன்” என்ற சொல் அகராதியிற் கிடக்கின்றது. எவனையும் சீமந்த வீட்டு வாசலில் தடுத்து நிறுத்த அது பயன்பட்டதில்லை.

பிள்ளைப்பேறில்லாத தம்பதிகளுள் ஏறத்தாழப் பாதிப் பேரிடத்தில் ஆணின் குறையும் கலந்திருக்கின்றது என்பது இன்று மருத்துவம் அறிந்த செய்தி. ஆயினும் விரதம் யாருக்கு? பெண்ணுக்கு. கசாயம் யாருக்கு? பெண்ணுக்கு. இரண்டாந்தாரமோ ஆணுக்கு! தைப்பூசத்தன்று தண்ணீர்மலைக்குக் கரும்புத் தொட்டிலில் பிள்ளையைச் சுமந்து வரும் பெற்றோரின் மகிழ்ச்சியை நாம் பழிக்கவில்லை. அதே கூட்டத்தில் வெறுங்கையோடு நிற்பவளின் மாமியாரை நோக்கியே பேசுகின்றோம்.

தோட்டத்துக் கணக்கெழுதும் நமக்கு இதில் வியப்பு இன்னும் அதிகம். செம்பனையில் ஆண்குலையும் பெண்குலையும் ஒரே மரத்தில் வெவ்வேறு காலத்தில் வரும். ஆகவே ஒரு மரத்தின் பொடி இன்னொரு மரத்தைச் சேர வேண்டும். 1981-க்கு முன் இந்நாட்டுத் தோட்டங்கள் பலவற்றில் தொழிலாளரே மகரந்தத்தை முகப்பூச்சு மாவோடு கலந்து, மரம் மரமாகச் சென்று பெண்பூக்களில் ஊதினர். அவருள் நம்மவர் பலர். அவ்வாண்டில் ஆப்பிரிக்கக் காமரூனிலிருந்து வருவித்த ஒரு சிறு கூன்வண்டு இங்கே விடப்பட்டது. அது ஆண்பூவில் முட்டையிட்டு வளர்ந்து, பெண்பூவின் மணத்தை நாடிப் பொடி சுமந்து செல்லும். கையால் ஊதும் வேலை அதோடு ஒழிந்தது. (வேலையிழந்தவர்க்கு வண்டு என்ன நன்மை செய்தது என்பது வேறு கட்டுரை.) பகலெல்லாம் ஆண்பொடியைச் சுமந்து காய் பிடிக்கச் செய்த அதே லயத்தில், இரவில் ஒரு பெண்ணை மலடி என்று அழவைத்தனரே! கை அறிந்ததை வாய் ஏன் சொல்லவில்லை?

வாயைக் கட்டியது அந்த நாணந்தான். இது நமக்கு மட்டும் உரியதன்று. ஜெர்மனியில் காமராரியுஸ் என்பார் ஆமணக்கின் ஆண்பூக்களைக் கிள்ளியெறிந்து, விதை பிடியாமையைக் கண்டு, செடிக்கும் ஆண் பெண் உண்டென்று 1694-இல் எழுதினார். அதன்மேல் லின்னேயஸ் 1735-இல் செடிகளைக் கேசரக் கணக்கால் வகுத்தபோது, சீகெஸ்பெக் என்னும் பண்டிதர் இது ஒழுக்கக் கேடு என்று கூவினார். லின்னேயஸின் நூலில் அப்பண்டிதர் பெயர் ஒரு பிசுபிசுத்த களைச்செடிக்கு அமைந்திருக்கின்றது. நம் ஊர்ப் பண்டிதர்க்கெல்லாம் பெயர் வைப்பதாயின் களைகள் போதா.

பூப்பாடம் வரும் நாளில் ஏட்டைப் புரட்டி அடுத்த பாடத்துக்குச் செல்லும் ஆசிரியரைக் கேட்கின்றோம்: அங்கே உட்கார்ந்திருக்கும் பையன் நாளைக் கணவனாவான். விந்துச் சோதனை என்பது வலியில்லாத, சில நிமிடக் காரியம். பினாங்கு மருத்துவமனைகளிலேயே செய்து கொள்ளலாம். மனைவியைக் கோயில் கோயிலாக அனுப்புமுன் அதற்கு அவன் செல்வானா? செல்லும்படி அவனுக்கு நீர் எதைச் சொல்லி வைத்தீர்?