பழைய செக்ரோலும் நீல அட்டையும்

பன்னிரண்டு வயது நிறைந்த பிள்ளை பதிவிலாகாவுக்குச் சென்று அடையாள அட்டை எடுத்துக்கொள்ள வேண்டும் என்பது இந்நாட்டுச் சட்டம். பெரும்பாலான வீடுகளில் அது அரை நாள் வேலை. தகப்பன் ஒரு நாள் பெரட்டுக்குப் போகாமல், பிள்ளையை மோட்டார் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு பட்டணம் போய் வந்தால் முடிந்தது. ஆனால் நம் லயங்களிலும், தோட்டம் விற்கப்பட்ட பின் நம்மவர் குடியேறிய பட்டணத்து ஓரங்களிலும், அந்த அரை நாளை நினைத்து நடுங்கும் தாய்மார் இன்றும் இருக்கிறார்கள். பிள்ளைக்குப் பிறப்புப் பத்திரம் இல்லை. இருந்தாலோ, அதில் ‘புக்கான் வார்காநெகாரா’ என்று அச்சிட்டிருக்கிறது. இந்த மண்ணில் பிறந்து, இந்த மண்ணின் பாலைக் குடித்து, தமிழ்ப் பள்ளியில் முதல் வரிசையில் உட்கார்ந்து படித்த பிள்ளையைப் பார்த்து, நீ எந்த நாட்டான் என்று ஒரு காகிதம் கேட்கிறது.

நம் இளைஞர் கல்விக்காக உழைக்கும் அமைப்புகளுக்கு இந்நாட்டில் பஞ்சமில்லை. மாணவர் மணிமன்றம் மூட்டிய ஆர்வத்தில் வளர்ந்த மணிமன்றங்கள் தோட்டந்தோறும் வாசகசாலை நடத்திய காலம் ஒன்று இருந்தது. தோட்டங்கள் துண்டு துண்டாக விற்கப்பட்டபோது, துன் சம்பந்தன் அவர்கள் முன்னின்று 1960-ல் தொடங்கிய தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம், தொழிலாளியின் சேமிப்பைக் கொண்டே தோட்டம் வாங்கிக் காட்டியது. 1979-ல் கல்வி சமூகநல ஆய்வு அறவாரியமும், 1982-ல் டாக்டர் தம்பிராஜா அவர்களின் ஸ்ரீ முருகன் நிலையமும் தோன்றின. ஞாயிற்றுக்கிழமை வகுப்புகளில் படித்து டாக்டராகவும் வக்கீலாகவும் ஆன தோட்டத்துப் பிள்ளைகள் எத்தனையோ பேர். இவற்றையெல்லாம் நாம் மனமாரப் போற்றுகிறோம்.

ஆனால் டியூஷன் வகுப்பு, கணக்கில் பின்தங்கிய பிள்ளையைத் தூக்கிவிடும்; பத்திரமில்லாத பிள்ளையை என்ன செய்யும்? அவன் நன்றாகவே படிக்கிறான் என்று வைத்துக்கொள்வோம். பரீட்சையும் எழுதித் தேறுகிறான். அரசாங்கப் பல்கலைக்கழகத்துக்கும் கல்விக் கடனுக்கும் மனுப் போடும் இடத்தில் ‘பிரஜையா?’ என்று ஒரு கட்டம் இருக்கிறது. அந்தக் கட்டத்தோடு அவன் படிப்பு நின்றுவிடும். தன் அண்ணனுக்கு நேர்ந்ததைக் கண்ட தம்பி, ஐந்தாம் வகுப்பிலேயே புத்தகத்தை மூடிவிடுகிறான். அவனைச் சோம்பேறி என்று மேடையில் திட்டும் பேச்சாளர்களுக்கு நாம் ஒன்று சொல்லுவோம்: முதலில் அவன் வீட்டுத் தகரப் பெட்டியைத் திறந்து பாருங்கள்.

இந்த இல்லாமை எப்படி வந்தது? 1957-ல் மெர்டேக்கா பெற்றபோது, பிரஜா உரிமைக்கு மனுச் செய்வோருக்கு ஓராண்டுக் காலம் மலாய் மொழிப் பரீட்சை வேண்டியதில்லை என்று அரசியல் சட்டம் சலுகை தந்தது. மனுப் போடுங்கள் என்று சொன்னவர்களும் இருந்தார்கள், சிங்கப்பூரில் கோ. சாரங்கபாணி அவர்கள் பிரஜைகளாகப் பதிந்துகொள்ளும்படி தமிழரை ஓயாமல் தட்டி எழுப்பினார். ஆயினும் தோட்டத்தில் வாழ்ந்த நம் பாட்டன்மார் பலருக்கு அந்த ஓராண்டு காதில் விழாமலே கழிந்தது. ஊருக்குப் போய்விடுவோம் என்று எண்ணியவர்கள் உண்டு. சிவப்பு அட்டையே போதும் என்று இருந்தவர்கள் அதைவிட அதிகம். 1968-ல் வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்து, பிரஜையல்லாதவன் வேலை செய்ய பெர்மிட் வேண்டும் என்றானபோதுதான் அட்டையின் நிறம் சோற்றுப் பிரச்சினை என்பது விளங்கிற்று. பல்லாயிரம் பேர் கப்பலேறினார்கள். எஞ்சியவர்களின் பேரப் பிள்ளைகளைத்தான் இன்று பேசுகிறோம்.

சட்டத்தின் போக்கையும் தெரிந்துகொள்ள வேண்டும். மெர்டேக்கா நாள் முதல் 1962 செப்டம்பர் முடிய இங்கே பிறந்தவர் பிறப்பாலேயே பிரஜை. அதன் பின் பிறந்தவருக்கு, பெற்றோரில் ஒருவராவது பிரஜையாகவோ நிரந்தர வாசியாகவோ இருந்தாக வேண்டும் என்ற நிபந்தனை வந்தது. நாடாளுமன்றம் 2024-ல் நிறைவேற்றிய திருத்தத்தில் ‘நிரந்தர வாசி’ என்ற சொல்லையும் எடுத்துவிட்டார்கள். பிரஜையான தாய் வெளிநாட்டில் பெறும் பிள்ளைக்கு உரிமை தந்த நல்ல அம்சமும் அதே திருத்தத்தில்தான் இருக்கிறது, அதை மறுக்கவில்லை. ஆனால் சிவப்பு அட்டைக்காரரின் வீட்டில் பிறக்கும் பிள்ளைக்கு அது கதவை அடைக்கிறது. பிள்ளைகளுக்காக மனுச் செய்யும் வயது வரம்பும் 21-லிருந்து 18 ஆகக் குறைந்தது. ஆறப் போடும் நம்மவர் வழக்கத்துக்கு இனி இடமில்லை.

இதில் நம்மவர் பலரும் அறியாத ஒரு முடிச்சு இருக்கிறது. கோவிலில் தாலி கட்டி, ஊரார் கூடி விருந்துண்ட கல்யாணம் நமக்குக் கல்யாணம்தான். ஆனால் 1982 மார்ச் முதல் நடைமுறையில் உள்ள 1976-ஆம் ஆண்டுச் சட்டப்படி, பதிவு செய்யாத கல்யாணம் சட்டத்தின் கண்ணில் கல்யாணமே அல்ல. அப்படிப்பட்ட தம்பதியின் பிள்ளை தாயின் வழியைத்தான் பின்பற்றும். தகப்பன் நீல அட்டை வைத்திருந்தும் பயனில்லை. தாயிடம் பத்திரம் இல்லையானால் பிள்ளைக்கும் இல்லை. அந்தப் பிள்ளை நாளை பெண்ணாக வளர்ந்து பெறும் பிள்ளைக்கும் இல்லை. ஒரு கையெழுத்து போடாததால் மூன்று தலைமுறை நாடற்றதாகிறது. பிள்ளை பிறந்து 60 நாட்களுக்குள் பதிய வேண்டும் என்பதும் அப்படியே. காலம் கடந்தால் கேள்விகள் கூடும், சாட்சிகள் குறையும்.

இந்தத் துறையில் அமைதியாக உழைப்பவர்களையும் சொல்லியாக வேண்டும். டி.எச்.ஆர்.ஆர்.ஏ. மலேசியா என்னும் அமைப்பு ஊர் ஊராகச் சென்று பத்திரமில்லாதோரைக் கணக்கெடுத்து மனு எழுதிக் கொடுத்தது. அம்முயற்சியில் ஐ.நா. அகதிகள் ஆணையமும் துணை நின்றது. தீபகற்பத்தில் பன்னிரண்டாயிரத்துக்கு மேற்பட்டோர், பெரும்பாலும் நம் தமிழர், நாடற்றவராகக் கணக்கில் வந்தனர். பலருக்கு அட்டையும் கிடைத்தது. மேடை இல்லை, மாலை இல்லை, பத்திரிகையில் படம் இல்லை. (ஆண்டு விழாவில் பொன்னாடைக்கு ஆகும் பணத்தில் எத்தனை தாய்மாரைப் புத்ராஜெயாவுக்கு அழைத்துப் போய் வரலாம் என்று கணக்குப் பார்க்கும் புத்தி கிராணி வேலை பார்ப்பவனுக்கு வந்துவிடுகிறது. மன்னிக்கவும்.)

“இது தொழிற்சங்கத்தின் வேலையா? சங்கம் சம்பளத்தைப் பார்க்கட்டும்” என்று கேட்பவர் நம்மிடையே உண்டு. அட்டையில்லாத இளைஞனைக் காண்ட்ராக்டர் எந்தக் கூலிக்கு வேண்டுமானாலும் வைத்துக்கொள்வான். அவன் சங்கத்தில் சேர அஞ்சுவான். காயம்பட்டால் வாய் திறக்க அஞ்சுவான். அவன் கூலி தாழ்ந்திருக்கும் வரையில் பக்கத்து நிரையில் வெட்டுபவன் கூலியும் உயராது. ஆகவே இது சம்பளப் பேச்சுதான்.

சரி, நாம் என்ன செய்ய முடியும்? இங்கேதான் கிராணிமாரைப் பார்த்துப் பேச விரும்புகிறோம். ஒரு மூதாட்டி இந்நாட்டில் எத்தனை ஆண்டு வாழ்ந்தாள் என்பதற்குப் பதிவிலாகா அத்தாட்சி கேட்கும்போது, அவளிடம் சுருங்கிய கையும் மங்கிய ஞாபகமும்தான் இருக்கும். அவள் எந்த மாதம், எந்த வெட்டில், யார் தண்டலின் கீழ் வேலை செய்தாள் என்பது ஆபீஸ் பீரோவில் தூசி படிந்த செக்ரோலில் இருக்கிறது. அவள் பிள்ளையை ஆயாக்கொட்டகையில் விட்ட கணக்கு இன்னொரு புத்தகத்தில் இருக்கிறது. தோட்டத்து ஆஸ்பத்திரிப் பேரேடு, பள்ளிக்கூடச் சேர்க்கைப் பதிவேடு, எல்லாம் சாட்சிகளே. தனித்து நின்றால் அவை பிரஜா உரிமை வாங்கித் தரும் என்று நாம் சொல்லவில்லை. ஆனால் மனுவோடு இணைக்க ஒன்றுமில்லாத குடும்பத்துக்கு ஒரு பக்கத்தின் நகல்கூடப் பெரிய பலம்.

அந்தப் புத்தகங்கள் அழிந்துகொண்டே இருக்கின்றன. தோட்டம் கைமாறும்போதும், பால்மரம் போய்ச் செம்பனை வரும்போதும், வீடமைப்புக் காரியத்துக்கு நிலம் விற்கும்போதும், முதலில் நெருப்புக்குப் போவது பழைய கணக்குகள்தாம். ஒரு தோட்டத்தில் ஆபீசைக் காலி செய்த வாரத்தில், இரண்டு நாள் புகைந்ததாகச் சொன்னார் அங்கே வேலை பார்த்த நண்பர். அதற்கு அடுத்த மாதம் ஒரு பெண்மணி தன் தாயின் பெயரைத் தேடிக்கொண்டு வந்தாராம்.

கிளைத் தோழர்களை நாம் கேட்டுக்கொள்வது இது. உங்கள் தோட்டத்திலும் சுற்றியுள்ள குடியிருப்பிலும் 18 வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் பத்திரமில்லாதவர் யார் யார் என்று ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதுங்கள். பதிவு செய்யாத கல்யாணங்களையும் கூச்சமின்றி விசாரியுங்கள். பெண் உறுப்பினர்கள் போய்க் கேட்டால் இன்னும் நல்லது. பள்ளித் தலைமையாசிரியரோடும் கோவில் கமிட்டியோடும் பேசுங்கள். தாலி கட்டுமுன் பதிவுச் சான்றிதழைக் காட்டச் சொல்லும் வழக்கத்தைக் கோவில் கமிட்டியே கொண்டு வரலாம். வகுப்பு நடத்தும் அமைப்புகள், பிள்ளையைச் சேர்க்கும் அன்றே பத்திரத்தையும் பார்த்துவிட்டால், பதினேழு வயதில் அழ வேண்டியதை ஏழு வயதில் சரிசெய்யலாம்.

கிராணி தோழர்களே, பழைய புத்தகங்களை எரித்துவிடச் சொல்லி உங்கள் ஆபீசுக்கு உத்தரவு வந்தால், தீப்பெட்டியை எடுக்குமுன் நிர்வாகியிடம் அனுமதி கேட்டு அவற்றைக் கிளைக்கு ஒப்படைக்க வழி பாருங்கள். அனுமதி கிடைக்காவிட்டால், உடனே கிளைக் காரியதரிசிக்குச் சொல்லி அனுப்புங்கள். நிர்வாகத்தோடு நாம் பேசிக்கொள்கிறோம்.