சத்தம் கூடினால் பைக் ஓடுமா?

பின்னேரம் ஐந்து மணிக்குக் கலஹா சந்தியில் நின்று பாருங்கள். பஸ் ஹோர்னையும் மீறி ஒரு உறுமல் வரும். திரும்பிப் பார்த்தால் ஒரு 150 சிசி பைக். எயார் பில்டர் பெட்டி இருந்த இடத்தில் சிவப்பாக ஒரு கூம்பு பில்டர். ஓட்டுகிறவன் வேறு யாருமில்லை, எங்களில் ஒருத்தன்தான். அதனால் இதைப் பெரியவர்களின் புத்திமதி என்று நினைக்க வேண்டாம். எங்களை நாங்களே கேட்கிறோம்: மச்சான், நாம் கூட்டியது வேகத்தையா, சத்தத்தையா?

கலைப்பீடத்துக்காரருக்கு எஞ்சின் பற்றி என்ன தெரியும் என்று சிரிக்கலாம். கணக்கு லேசானதுதான். ஒரு கிராம் பெற்றோல் சரியாக எரிய சுமார் 14.7 கிராம் காற்று வேண்டும். அதற்கேற்பத்தான் பில்டர் பெட்டியும் காபரேட்டர் ஜெட்டின் துளையும் பொருத்தப்பட்டு வருகின்றன. நாங்கள் பெட்டியைக் கழற்றிக் கூம்பை மாட்டுகிறோம். காற்று கூடுகிறது, ஜெட் பழையதே. கலவையில் பெற்றோல் குறைந்து எஞ்சின் கொதிக்கிறது. எங்கள் நண்பன் ஒருவனின் பைக் கடுகண்ணாவ ஏற்றத்தில் இறுகி நின்றுவிட்டது. கூம்பு மாட்டி மூன்று கிழமைதான். பூட்டியவர் ஜெட் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. நாங்களும் கேட்கவில்லை. மாதக்கணக்கான மஹாபொல காசு பிஸ்டனுக்குப் போனது.

"இன்ஜெக்ஷன் பைக் தானாகவே சரிசெய்யுமே" என்பார்கள். ஒக்சிசன் சென்சர் இருந்தால் நிதானமாக ஓடும்போது ஓரளவு சரிசெய்யும். முழுதாக முறுக்கினால் ஈசீயூ தன்னிடம் பதிந்த அட்டவணையைத்தான் பார்க்கும். அது பழைய பெட்டிக்காக எழுதியது.

இன்னொரு கூட்டம் எதிர்ப்பக்கம் போகிறது. கொழும்புப் பொடியன் வீடியோவில் சொன்ன பெரிய ஜெட்டை அப்படியே வாங்கிப் போடுகிறது. கண்டி கடலிலிருந்து சுமார் 500 மீற்றர் உயரம், நுவரெலியா 1,800க்கும் மேல். ஏற ஏறக் காற்று மெலியும், பெற்றோல் மிஞ்சும், கறுப்புப் புகை வரும். கண்டியோ சுற்றிலும் மலை நிற்கும் ஒரு கிண்ணம். புகை லேசில் வெளியே போகாது. அதைக் குடிப்பது வாவிக்கரையில் பஸ்ஸுக்கு நிற்கும் பள்ளிப் பிள்ளைகளும், நாள் முழுக்கத் தெருவில் நிற்கும் நடைபாதை வியாபாரிகளும்.

புகைப் பரிசோதனை இருக்கிறதே என்கிறீர்களா? அன்றைக்கு மட்டும் பழைய பெட்டியைப் பூட்டிக்கொண்டு போகிறோமே, அந்தக் கள்ளத்தை என்ன செய்வது? அதோடு பைக்கை நிறுத்தி வைத்துத்தான் பரிசோதிக்கிறார்கள். மெயின் ஜெட் வேலை செய்வதோ முழுதாக முறுக்கும்போது. ஹந்தான ஏற்றத்தில் நாம் கக்குவது அந்தச் சான்றிதழில் வராது.

2022ஐ அதற்குள் மறந்துவிட்டோமா? கியூஆர் கோட்டுக்கு பைக்குக்குக் கிழமைக்கு 4 லீற்றர். அன்றைக்குப் பில்டரைத் தட்டித் தட்டித் துடைத்து ஒவ்வொரு சொட்டையும் எண்ணியவர்கள் நாம்தான்.

பைக்கை மாற்றவே கூடாது என்று நாங்கள் சொல்லவில்லை. கையில் கிரீஸ் படியக் கற்பதும் படிப்புத்தான். மாற்றுவதென்றால் முழுதாக மாற்று. ஜெட்டை ஒவ்வொரு அளவாகக் கூட்டு, ஓட்டிவிட்டு பிளக்கைக் கழற்றிப் பார். வெளுத்திருந்தால் பெற்றோல் போதாது, கரி படிந்திருந்தால் அதிகம், இளம் கபிலமாக இருந்தால் சரி. இன்ஜெக்ஷன் என்றால் அட்டவணையையும் மாற்றத் தெரிந்தவரிடம் போ. மலை ஏற இழுவைதான் வேண்டுமென்றால் பின் சில்லு ஸ்ப்ரொக்கெட்டில் இரண்டு பல் கூட்டிப் பார். உச்ச வேகம் கொஞ்சம் குறையும், ஆனால் எந்தக் கூம்பும் தராத இழுவை கிடைக்கும். அதில் சத்தம் வராது, அதுதான் எங்களுக்குப் பிடிக்கவில்லை.

அடுத்தமுறை கூம்பு வாங்கப் போகும்போது, "ஜெட் என்ன அளவு போடுவீங்க?" என்று கேள். பதில் வராவிட்டால் காசைப் பொக்கெட்டில் போட்டுக்கொண்டு வா, பழைய பெட்டியே இருக்கட்டும்.