பெரிய வாத்தியார் ஒருத்தரே எல்லாத்தையும் தூக்கணுமா?

இன்னைக்குக் கோயில் அறிவிப்பு எதுவும் இல்லை. பள்ளிக்கூடத்தைப் பத்தி என் கருத்து ஒன்னு. பிள்ளைங்க தமிழ்ப்பள்ளியில படிக்கிறவங்க கொஞ்சம் பொறுமையா படிங்க.

நம்ம மத்தியில ஒரு பேச்சு உண்டு. "அந்தத் தலைமையாசிரியர் இருந்தப்ப பள்ளி எப்படி இருந்துச்சு! அவர் மாறிப் போனாரு, எல்லாம் போச்சு." கிள்ளான்லயும் கேக்கலாம், செந்தூல்லயும் கேக்கலாம். அவருக்குப் பாராட்டாத்தான் இதைச் சொல்றோம். எனக்கு இது கவலையா படுது. ஒருத்தர் மாறினதும் சரிஞ்சு போற பள்ளி, அந்த ஒருத்தர் தோள்ல மட்டும் நின்ன பள்ளி. தலைமையாசிரியர் மாறுவார், ஓய்வு பெறுவார். பிள்ளைக்கு அங்க இருக்கிறது ஆறே வருஷம்.

தோட்டத்துப் பள்ளி கதை வேற. எல்லாரும் ஒரே லயம். எந்த வீட்டுல என்ன பிரச்சனைன்னு பெரிய வாத்தியாருக்கே தெரியும். பட்டணத்துப் பள்ளி அப்படி இல்லை. ஒரு பிள்ளை பிபிஆர் அடுக்குமாடியில இருந்து வேன்ல வருது. இன்னொன்னோட அப்பா இரவு வேலை, பாட்டிதான் பார்த்துக்கிறாங்க. அத்தனை பிள்ளையையும் ஒரு தலைமையாசிரியர் எப்படி அறிய முடியும்? தினமும் முகம் பார்க்கிற வகுப்பாசிரியருக்குத்தான் தெரியும்.

2021ல யூபிஎஸ்ஆர் தேர்வை ரத்து பண்ணினதுக்கு அப்புறம் இது இன்னும் முக்கியமாச்சு. இப்ப பிபிடி, அதாவது வகுப்பறை மதிப்பீடு. ஒரு பிள்ளை 1 முதல் 6 வரைக்கும் எந்த அடைவுநிலையில இருக்குன்னு பாட ஆசிரியர்தான் கணிக்கிறார். கணிக்கிற பொறுப்பு அவருக்கு. ஆனா அந்தக் கணிப்பை வச்சு எதையாவது மாத்துற அதிகாரம் அவருக்கு இருக்கா?

ஒரு உதாரணம் சொல்றேன். இரண்டாம் ஆண்டு ஆசிரியை ஒருத்தர் ஆறு பிள்ளைங்களுக்கு எழுத்துக்கூட்ட வரலைன்னு கவனிக்கிறார். பக்கத்து வகுப்பு ஆசிரியையோட பேசி, வாரத்துல இரண்டு பாடவேளை அந்தப் பிள்ளைங்களைத் தனியா உட்கார வச்சு வாசிக்க வைக்கலாம்னு நினைக்கிறார். சில பள்ளியில அடுத்த வாரமே ஆரம்பிச்சிடும். சில பள்ளியில "மேல கேக்கணும்"னு ஒரு தவணையே ஓடிடும். அந்தப் பிள்ளை மூனாம் ஆண்டுக்கு அப்படியே ஏறிடும்.

"அதான் துணைத்தலைமையாசிரியர் மூனு பேர், ஒவ்வொரு பாடத்துக்கும் பானித்தியா தலைவர் எல்லாம் இருக்காங்களே"ன்னு கேக்கலாம். பதவி இருக்கு, உண்மை. ஆனா பல இடத்துல அவங்களுக்குப் போய்ச் சேர்றது ஃபைலும் அறிக்கையும்தான், முடிவு எடுக்கிற உரிமை போறதில்ல. வேலையைப் பிரிச்சுக் கொடுக்கிறது வேற, தலைமைத்துவத்தைப் பகிர்றது வேற. ஏற்கெனவே தலைக்கு மேல வேலை உள்ள ஆசிரியர் கையில இன்னொரு ஃபைலைக் கொடுத்துட்டு "நீங்களும் தலைவர்தான்"னு சொன்னா, அவர் சிரிச்சுட்டுப் போயிடுவார். ஒன்னு கொடுக்கணும்னா ஒன்னைக் குறைக்கணும். ஒரே ஆண்டுக்குப் போதிக்கிற ஆசிரியர்கள் சேர்ந்து உட்கார கால அட்டவணையில நேரம் ஒதுக்கணும்.

"எல்லாரும் தலைவர்னா யார் பதில் சொல்றது?" நியாயமான கேள்வி. பணம், பாதுகாப்பு, கட்டொழுங்கு இதுக்கெல்லாம் கையெழுத்து தலைமையாசிரியரோடதுதான். அது மாறக்கூடாது. எப்படிப் போதிக்கிறது, எந்தப் பிள்ளைக்கு எப்ப உதவி வேணும் என்கிறதுல ஆசிரியர் முடிவு எடுக்கட்டும். அது சரியா வரலைன்னா தலைமையாசிரியர் அவங்க பின்னால நிக்கட்டும்.

நம்ம கல்வி அமைச்சோட 2013–2025 கல்விப் பெருந்திட்டமே பகிர்ந்த தலைமைத்துவத்தைப் பத்திப் பேசிச்சு. சிக்காகோ நகரத்துலயும் இதை முயற்சி பண்ணினாங்க. 1988ல சட்டம் போட்டு ஒவ்வொரு பள்ளிக்கும் ஒரு மன்றம் அமைச்சாங்க. பெற்றோர் 6 பேர், ஆசிரியர் 2 பேர், வட்டாரத்து மக்கள் 2 பேர், கூடவே பள்ளி முதல்வர். முதல்வரைத் தேர்ந்தெடுக்கிற உரிமையே அந்த மன்றத்துக்கு இருந்துச்சு. ஆனாலும் எல்லாப் பள்ளியும் ஒரே மாதிரி உயரலை. அந்தப் பள்ளிகளை ஆராய்ஞ்ச பிரைக், ஷ்னைடர் இருவரும் 2002ல வெளியிட்ட நூல்ல முக்கியமா சொன்னது நம்பிக்கையைப் பத்தி. முதல்வர், ஆசிரியர், பெற்றோர் ஒருத்தரை ஒருத்தர் நம்பின பள்ளிகள்லதான் வாசிப்பும் கணக்கும் முன்னேற வாய்ப்பு அதிகமா இருந்துச்சாம். சட்டம் நாற்காலி போட்டுக் கொடுக்கும். நம்பிக்கையை மனுஷங்கதான் கொண்டு வரணும்.

அதுல நமக்கும் பங்கு இருக்குங்க. வீட்டுப்பாடத்துல ஒரு சின்ன சந்தேகம்னாலும் வகுப்பாசிரியரைத் தாண்டி நேரா தலைமையாசிரியர் அறைக்குப் போறோம். இல்லன்னா வாட்ஸ்அப் குழுவுல போடுறோம். அப்படிச் செய்யும்போது, "உங்க பேச்சுக்கு இங்க மதிப்பில்ல"ன்னு அந்த ஆசிரியருக்கு நாமே சொல்றோம். முதல்ல அவர்கிட்ட பேசுங்க.

அடுத்த பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்துல, சாப்பாடு வர்றதுக்கு முன்னால, மரியாதையா மூனு கேள்வி கேளுங்க:

1. நம்ம பள்ளியில ஆசிரியர்களே எடுக்கிற முடிவு என்னென்ன?
2. ஒரே ஆண்டுக்குப் போதிக்கிறவங்க எப்ப சேர்ந்து உட்கார்ந்து பேசுறாங்க?
3. அடுத்த வருஷம் தலைமையாசிரியர் மாறினா, இப்ப நடக்கிற நல்ல திட்டத்துல எது தொடரும்?

மூனாவது கேள்விக்குத் தெளிவா பதில் சொல்ற தலைமையாசிரியர் கிடைச்சா, அவருக்குத் தாராளமா மாலை போடுங்க. அவர் போன பிறகும் அந்தப் பள்ளி நிக்கும்.

மாற்றுக் கருத்து இருந்தா கீழே எழுதுங்க, பேசலாம்.