அருவிக்கும் அதுதான் வழி, ஆஸ்பத்திரிக்கும் அதுதான் வழி

என் வீட்டுக்காரருக்கு ஊர் ஊராகப் போகிற உத்தியோகம். மாதத்தில் பாதி நாள் வண்டியில்தான் வாசம். பள்ளிக்கூடம் லீவு விட்டால் போதும், மாமியார், நான், இரண்டு வாண்டுகள் எல்லோரும் கூடவே ஏறிக்கொள்வோம். ஸ்டவ், தண்ணீர்க் குடம், பாய் என்று ஒரு சின்னக் குடித்தனமே வண்டிக்குள் நடக்கும். இப்படிச் சுற்றிய இடங்களில் என் மனசில் ஒட்டிக்கொண்ட ஒன்று, ஜவ்வாது மலை மேலிருக்கும் ஜமுனாமரத்தூர்.

மலை என்றாலே நமக்கு ஊட்டியும் கொடைக்கானலும்தானே ஞாபகம் வரும்? ஜவ்வாது மலை அப்படி இல்லை. பெரிய ஹோட்டல்களின் ஆரவாரம் கிடையாது. போளூரிலிருந்து அத்திமூர் வழியாகப் போனால் சுமார் 40 கி.மீ. ஆலங்காயத்திலிருந்து காவலூர் வழியாகவும் ஏறலாம். அருவி பார்க்கணும் என்றால் மழைக்காலத்தை ஒட்டிப் போங்கள். கோடையில் பாறைதான் இருக்கும். நாங்கள் போனது அரையாண்டு லீவில்.

கைக்குழந்தைக்காரிகள் முதலில் கேட்பது, "வளைவிலே பசங்க வாந்தி எடுக்குமே, என்ன செய்யறது?" என்பதுதான். உடம்பு ஆடுகிறது என்று காது சொல்லும். கண்ணோ வண்டிக்குள் இருக்கும் அசையாத பொருளையே பார்த்துக்கொண்டிருக்கும். இரண்டும் ஒத்துப்போகாததால் வருவதுதான் அந்தக் குமட்டல். அதனால் ஏறும்போது செல்போன், கதைப் புத்தகம் எதுவும் கையில் வேண்டாம். தூரத்து மலையைப் பார்க்கச் சொல்லுங்கள். கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கிவிடுங்கள். காலையில் பூரி, வடை வேண்டாம்; இரண்டு இட்லி போதும். வெறும் வயிறும் ஆகாது. வாந்தி மாத்திரையை டாக்டரைக் கேட்காமல் குழந்தைக்குக் கொடுக்காதீர்கள். கைக்குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு முன் சீட்டில் உட்காரவே கூடாது. பால் கொடுக்க வேண்டுமா, அகலமான இடமாகப் பார்த்து வண்டியை நிறுத்தச் சொல்லுங்கள்.

வண்டி ஓட்டுகிறவருக்கும் இரண்டு வார்த்தை. ஏறும்போது எந்த கியரோ, அதே கியரில்தான் இறங்க வேண்டும். பிரேக்கையே மிதித்துக்கொண்டு வந்தால் அது சூடேறிப் பிடிக்காமல் போய்விடும். குறுகலான இடத்தில், இறங்குகிற வண்டிதான் ஏறுகிற வண்டிக்கு நின்று வழி விடணும். "எனக்குத் தெரியாதாக்கும்!" என்பார்கள். பரவாயில்லை, நாம் சொல்லி வைப்போம்.

மேலே ஏறினால் சாமை வயலும் பலா மரமுமாகக் கண்ணுக்குக் குளிர்ச்சி. மலையாளி என்ற பழங்குடி மக்கள் வாழும் மலை இது. பெயரைப் பார்த்துக் கேரளத்தவர் என்று நினைத்துவிடாதீர்கள். மலையை ஆள்பவர் என்று பொருள் சொல்வார்கள். பேசுவதெல்லாம் தமிழ்தான். சாமை இங்கே பேர் போனது. வாங்கி வந்து பாசிப்பருப்பு சேர்த்துப் பொங்கல் செய்தேன், மாமியாரே இரண்டாம் தரம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். சர்க்கரை உள்ளவர்கள், சிறுதானியம்தானே என்று அளவில்லாமல் சாப்பிடக் கூடாது.

மலைத்தேனும் கிடைக்கும். ஒரு வயது ஆகாத குழந்தைக்கு மட்டும் தேன் வேண்டவே வேண்டாம். சேனை வைக்கிறேன் என்று நாக்கில் தடவுவதும் கூடாது. தேனில் இருக்கக்கூடிய ஒரு கிருமியின் வித்து, குழந்தையின் குடலில் வளர்ந்து நஞ்சை உண்டாக்கும். கை கால் துவண்டு மூச்சே திணறலாம். காய்ச்சினாலும் அந்த வித்து சாகாது.

ஊரிலிருந்து சில கி.மீ. தள்ளி பீமன் அருவி. தூரத்திலேயே சத்தம் கேட்கும். பாறை வழுக்கும், குழந்தையின் கையை விடாதீர்கள். இங்கே வெயில் அடித்தாலும் மேலே எங்கோ மழை பெய்திருக்கலாம். தண்ணீர் திடீரென்று கலங்கினாலும், சருகும் குச்சியும் அடித்துக்கொண்டு வந்தாலும் உடனே கரையேறிவிடுங்கள். துணியை அப்புறம் எடுத்துக்கொள்ளலாம்.

அருவி பார்த்துத் திரும்பும்போது ஒரு டீக்கடையில் நின்றோம். இடுப்பில் குழந்தையோடு ஒரு பெண். "உங்க ரோடு எவ்வளவு அழகா இருக்கும்மா!" என்றேன். அவள் சிரித்தாள். "உங்களுக்கு அழகுக்கா. எங்களுக்கு இதுதான் ஆஸ்பத்திரிக்குப் போற வழி. எங்க ஊரு இன்னும் உள்ளே. இந்தத் தார் ரோடு வரைக்கும் வந்து சேர்ந்துட்டா பாதி உசிரு பொழைச்ச மாதிரி."

அந்தப் பேச்சு எனக்குள் தைத்தது. 2023 மே மாதம், வேலூர் மாவட்டம் அணைக்கட்டு பக்கத்து அல்லேரி மலையில் ஒன்றரை வயதுக் குழந்தையைப் பாம்பு கடித்தது. சாலை சரியில்லாததால் ஆஸ்பத்திரிக்குப் போகத் தாமதமாகிக் குழந்தை இறந்துபோனது. திரும்பும்போதும் ஆம்புலன்ஸ் மேலே ஏற முடியவில்லை. பெற்றவளே அந்தப் பிஞ்சு உடலைச் சுமந்து மலையேறினாள்.

அதே ஆண்டு நவம்பரில் இன்னொரு தாய். ஜவ்வாது மலையை அடுத்த புலியூரைச் சேர்ந்த 23 வயது ஸ்ரீபதி, மலையாளிப் பழங்குடிப் பெண். பிரசவமாகி இரண்டே நாளில் காரில் சென்னை போய் உரிமையியல் நீதிபதி தேர்வு எழுதினார். 2024-இல் தேர்ச்சி பெற்ற செய்தி வந்ததும் நாடே பாராட்டியது. பச்சை உடம்போடு அவ்வளவு தூரம் போவது எத்தனை கஷ்டம் என்று பெற்றவளுக்குத்தான் தெரியும். வண்டி போகும் வழி ஒன்று இருந்ததால் அந்தத் துணிச்சலுக்குப் பலன் கிடைத்தது.

இறங்கும்போது காவலூர் வழியாக வந்தோம். காட்டுக்கு நடுவே வெள்ளைக் கோபுரமாக வானாய்வகம் நிற்கிறது. இடத்தைத் தேர்ந்தெடுத்தவர் விஞ்ஞானி வைணு பாப்பு. அவர் 1982-இல் காலமானார்; 2.34 மீட்டர் தொலைநோக்கி 1986-இல் திறக்கப்பட்டு அவர் பெயரையே பெற்றது. பார்வையாளர் நாளை விசாரித்துக்கொண்டு பிள்ளைகளை அழைத்துப் போங்கள். இருட்டான வானம் வேண்டும் என்றுதான் இந்த மலைக்கு வந்தார்கள். நட்சத்திரம் பார்க்க வசதியான அதே இருட்டில்தான் பிரசவ வலி எடுத்தவளும் கிளம்பி வரவேண்டியிருக்கிறது.

ஆகவே சகோதரிகளே, ஜமுனாமரத்தூர் போனால் வளைவில் வண்டியை நிறுத்திப் போட்டோ எடுக்காதீர்கள். 108 சத்தம் கேட்டால் ஓரம் கட்டச் சொல்லுங்கள். சாமையும் தேனும் மலைக்காரர்களிடமே பேரம் பேசாமல் வாங்குங்கள். கொண்டுபோன பிளாஸ்டிக்கைத் திரும்பக் கொண்டுவாருங்கள். வண்டியில் இடமிருந்து, வழியில் ஒரு கர்ப்பிணி நின்றால், "ஏறிக்கோம்மா" என்று சொல்ல உங்கள் வீட்டுக்காரர் முந்திக்கொள்ளட்டும். அவர் யோசித்தால் நீங்கள் சொல்லிவிடுங்கள்.